செகாவ் எழுதிய கடிதங்களும் எழுதாமல் விட்ட செய்திகளும்

நோயுற்ற ஒருவர் தம் உடல்நிலையைப் பற்றி எல்லாரிடமும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. மருத்துவரிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று, ஊரிலிருக்கும் தாயிடம் ஒன்று, வெளிநாட்டிலிருந்து அழைக்கும் மகனிடம் ஒன்று எனச் செய்தி ஆளுக்கேற்ப மாறுகிறது. இதில் வஞ்சகம் ஏதுமில்லை. பெரும்பாலும் அன்பே காரணம். ஆயினும் இப்பழக்கம் எதுவரை தீங்கற்றது, எந்த இடத்தில் உயிருக்குக் கேடாகிறது என்பதை நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நன்று. இதனை விளங்கிக்கொள்ள ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவின் கடிதங்கள் நமக்குப் பெரிதும் உதவும்.

செகாவ் 1860-ஆம் ஆண்டு தென் ரஷ்யாவின் தகன்ரோக் நகரில் பிறந்தவர். 1884-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை முடித்தார். சிறுகதையிலும் நாடகத்திலும் உலகப் புகழ் பெற்றார். 1904-இல் காசநோயால் தமது 44-ஆம் வயதில் மறைந்தார். அவர் எழுதியவற்றுள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி நோயோடு வாழ்ந்த இருபது ஆண்டுகளில் எழுதப்பட்டவை. எழுதியவரே மருத்துவர், எழுதியவரே நோயாளி என்பது இக்கடிதங்களின் தனித்தன்மை. (கீழே வரும் தேதிகள் அக்கால ரஷ்ய நாட்காட்டியின்படி தரப்பட்டுள்ளன. அது நம் நாட்காட்டிக்கு 12 அல்லது 13 நாட்கள் பிந்தியது.)

தமக்குத் தாமே கூறிக்கொண்ட சமாதானம்

செகாவுக்கு முதன்முதலாக இருமலில் இரத்தம் வந்தது 1884 டிசம்பரில். அப்போது அவர் மருத்துவப் பட்டம் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு வழக்கு விசாரணையைச் செய்தித்தாளுக்காக எழுதுவதற்கு நீதிமன்றம் சென்றிருந்த நாட்களில் அது நேர்ந்தது. சில நாட்களில் நின்றுவிட்டது. ஆனால் அதன்பின் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் தோன்றியது.

1888 அக்டோபர் 14 அன்று தம் பதிப்பாளரும் நண்பருமான சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில் இதை அவர் விரிவாகச் சொல்கிறார். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் இருமல் வருவதையும், இரத்தத்தைக் கண்ணால் காணும்போது மட்டும் அச்சம் எழுவதையும் மறைக்காமல் எழுதுகிறார். அடுத்து ஒரு வாதத்தை முன்வைக்கிறார். அறிகுறிகள் பல ஒன்றுசேர்ந்தால்தான் காசநோய் என்று கொள்ள முடியும்; தம்மிடம் அவை ஒன்றுசேரவில்லை; நீதிமன்றத்தில் கண்டது காசநோயின் தொடக்கமாக இருந்திருந்தால், தாம் எப்போதோ இறந்திருக்க வேண்டும் என்கிறார்.

இந்த வாதம் கேட்பதற்கு அறிவுபூர்வமாகத் தோன்றும். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. காசநோய் எல்லாரிடமும் விரைந்து முற்றுவதில்லை. பலரிடம் ஆண்டுக்கணக்கில் பதுங்கியும் வெளிப்பட்டும் நடக்கும். உடலின் எதிர்ப்பாற்றல் கிருமிகளைச் சுற்றி அரண் கட்டும் காலத்தில் நோயாளி நலமாக உணர்வார். அரண் தளரும்போது இருமலும் காய்ச்சலும் திரும்பும். நான்கு ஆண்டுகள் உயிரோடிருந்தது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்றே உலகுக்கு அறிவித்திருந்தார். செகாவ் அப்போது மருத்துவ மாணவர்.

அதே செகாவ் பிறர் விஷயத்தில் தெளிவாக இருந்தார். அவருடைய அண்ணன் நிக்கோலாய் காசநோயில் வீழ்ந்தபோது, அந்நோயின் பெயரையும் அதன் கடுமையையும் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒளிக்கவில்லை. 1889 ஜூனில் நிக்கோலாய் இறந்தார். அதன் பின்னரும் செகாவ் தம் நெஞ்சைப் பிற மருத்துவரிடம் காட்டி முறையாகச் சோதித்துக்கொள்ளவில்லை. மறு ஆண்டே சைபீரியாவைக் கடந்து சகலின் தீவுக்கு நெடும்பயணம் மேற்கொண்டார். 1892-இல் தம் கிராமத்தைச் சுற்றியுள்ள பகுதியில் காலராத் தடுப்புப் பணியையும் ஏற்று அலைந்தார். மருத்துவ அறிவு குறைவாக இருந்ததனால் அவர் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அந்த அறிவையே சமாதானத்துக்குப் பயன்படுத்தினார். படித்தவர்கள் குடும்பங்களில் இதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

மறைக்க முடியாமற்போன நாள்

1897 மார்ச் 22 அன்று மாஸ்கோவில் சுவோரினுடன் உணவருந்த அமர்ந்தபோது செகாவின் வாயிலிருந்து இரத்தம் பெருகியது. பல மணிநேரம் நிற்கவில்லை. அப்போது அவர் சொன்ன ஒரு செய்தியைச் சுவோரின் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். நோயாளிகளைத் தேற்றுவதற்காக மருத்துவர்கள் இருமலை வயிற்றுக் கோளாறு என்றும், இரத்தத்தை மூலம் தொடர்பானது என்றும் சொல்வதுண்டு. உண்மையில் அந்த இரத்தம் நுரையீரலிலிருந்துதான் வருகிறது. தமக்கும் வலது நுரையீரலிலிருந்தே வருகிறது, இறந்துபோன அண்ணனுக்கு வந்தது போலவே என்பது அதன் கருத்து. பதின்மூன்று ஆண்டுகளாகத் தமக்கே சொல்லாத செய்தியை அன்று அவர் நண்பரிடம் சொன்னார்.

மூன்று நாட்களுக்குப் பின் பேராசிரியர் ஓஸ்ட்ரோவுமோவின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நுரையீரலின் மேற்பகுதிகளில் காசநோய் என மருத்துவர்கள் முடிவு செய்தனர். அவரைக் காணவந்த தங்கை மாஷா, மேசைமீது இருந்த நுரையீரல் வரைபடத்தில் மேற்பகுதிகள் சிவப்புப் பென்சிலால் தீட்டப்பட்டிருந்ததைக் கண்டார். யாரும் சொல்லாமலே அவருக்குப் பொருள் விளங்கிவிட்டது.

ஏப்ரல் தொடக்கத்தில் மூத்த அண்ணன் அலெக்சாண்டருக்குச் செகாவ் எழுதிய கடிதம் ஒரு மருத்துவக் குறிப்பைப் போல இருக்கிறது. 1884 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் இரத்தம் வந்ததையும், மருத்துவர்கள் கண்டறிந்ததையும் வரிசையாகச் சொல்கிறார். கடைசியில், வீட்டாருக்கு இது தெரியாது, வாய்தவறிச் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். ஒரே கடிதத்தில் முழு உண்மையும் இருக்கிறது, அதை மூடிவைக்கும் வேண்டுகோளும் இருக்கிறது.

அந்த மருத்துவமனை நாட்களைப் பற்றிய இன்னொரு செய்தி பார்வையாளர்களாக வருவோர் அறியத்தக்கது. இருவர் இருவராக வருகிறார்கள். ஒவ்வொருவரும் பேசவேண்டாம் என்று சொல்லிவிட்டு உடனே கேள்வி கேட்கிறார்கள் என்று செகாவ் வேடிக்கையாகக் குறைபட்டு எழுதினார். மார்ச் 28 அன்று டால்ஸ்டாயே நேரில் வந்து ஆன்மாவின் அழியாமையைப் பற்றி நெடுநேரம் உரையாடினார். அதற்குப்பின் விடியற்காலையில் செகாவுக்கு மீண்டும் இரத்தம் கசிந்தது. பேச்சினால்தான் கசிந்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும் நெஞ்சில் இரத்தக்கசிவு உள்ளவருக்கு ஓய்வும் மௌனமும் மருந்தின் ஒரு பகுதி. எவ்வளவு பெரியவர் வந்தாலும் இந்த விதி மாறாது.

ஒரே நோய், வெவ்வேறு கடிதங்கள்

1898 இலையுதிர்காலம் முதல், குளிர் குறைந்த கிரீமியாவின் யால்டா நகரில் செகாவ் தங்கலானார். 1901 மே 25 அன்று மாஸ்கோ கலை அரங்கின் நடிகை ஓல்கா நிப்பெரை மணந்தார். நாடகப் பருவமோ குளிர்காலம். ஓல்கா மாஸ்கோவில் இருக்க வேண்டும். நோயோ குளிருக்கு அஞ்சுவது. செகாவ் தெற்கில் இருக்க வேண்டும். ஆகவே அவர்களுடைய இல்லறத்தின் பெரும்பகுதி அஞ்சலில் நடந்தது. ஓல்காவுக்கு மட்டும் அவர் எழுதிய கடிதங்களும் தந்திகளும் 400-க்கு மேல்.

அக்கடிதங்களில் தோட்டத்துச் செடிகள் இருக்கின்றன, வீட்டில் பழகித் திரிந்த கொக்கு இருக்கிறது, நாய்கள் இருக்கின்றன, கேலி இருக்கிறது. நோயும் இருக்கிறது, ஆனால் ஓரிரு வரிகளில், நலமாக இருக்கிறேன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறது. கணவரை விட்டுத் தொலைவில் இருக்கிறோமே என்ற குற்றவுணர்வு ஓல்காவை வாட்டியது. மணம் நிகழும் முன்பே, 1900 செப்டம்பரில், அதற்கு மறுமொழி போல ஒரு கடிதம் செகாவிடமிருந்து வந்தது. பிரிந்திருப்பதற்கு இருவரும் பொறுப்பல்லர். தம் உடலில் கிருமியையும் ஓல்காவின் உள்ளத்தில் கலைப்பற்றையும் வைத்துவிட்ட ஏதோ ஒரு பொல்லாத சக்தியே பொறுப்பு என்று அதில் எழுதினார். உடனிருந்து கவனிக்க முடியாத பிள்ளைகளும் துணைவரும் இக்கருத்தை மனத்தில் கொள்ளலாம். குற்றவுணர்வு நோயாளிக்கு உதவாது. குறித்த நேரத்தில் கேட்கப்படும் ஒரு கேள்வி உதவும்.

தங்கை மாஷாவுக்கு எழுதிய கடிதங்களின் தன்மை வேறு. மணத்துக்குச் சில நாட்கள் முன், மருத்துவர் ஷுரோவ்ஸ்கி தம்மைச் சோதித்ததை அவருக்கு எழுதுகிறார். இரண்டு நுரையீரல்களிலும் பாதிப்பு, வலப்பக்கம் தோள்பட்டைக்குக் கீழே பெரிய பகுதி என இடம் குறிப்பிட்டே சொல்கிறார். பெண்குதிரைப் பாலைப் புளிக்கவைத்துச் செய்யும் கூமிஸ் என்னும் பானத்தை அருந்தும் சிகிச்சைக்காக உஃபா பகுதிக்குச் செல்லும்படி மருத்துவர் பணித்ததையும் தெரிவிக்கிறார். மணம் முடிந்தவுடன் தம்பதியர் அங்குதான் சென்றனர். எடை கூடியது. ஆனால் குறித்த காலம் முடியும் முன்பே, ஒரு மாதத்தில், செகாவ் திரும்பிவிட்டார். உடல் சற்றுத் தேறியதும் சிகிச்சையை இடையில் விடும் வழக்கம் மருத்துவரையும் விட்டுவைப்பதில்லை.

யால்டா திரும்பியபின் 1901 ஆகஸ்ட் 3 அன்று மாஷாவுக்கு மற்றொரு கடிதம் எழுதினார். அதை அஞ்சலில் சேர்க்கவில்லை. தம் மறைவுக்குப்பின் கொடுக்கும்படி மனைவியிடம் ஒப்படைத்தார். வீடு யாருக்கு, நாடகங்களின் வருவாய் யாருக்கு, மனைவிக்கு என்ன, உடன்பிறந்தாருக்கு என்ன என்பவற்றை எழுதி, ஏழைகளுக்கு உதவும்படியும் தாயைக் காக்கும்படியும் குடும்பம் ஒற்றுமையாக வாழும்படியும் கேட்டுக்கொண்டார். மனம் அமைதியாக இருந்த காலத்திலேயே இதை எழுதிவைத்ததனால், கடைசி நாட்களில் அதுபற்றிப் பேசவேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை.

1902-இல் நிலைமை தலைகீழாக மாறியது. ஓல்கா கடும் நோயுற்றார். செகாவ் மாஸ்கோவில் அவர் படுக்கையருகே இருந்து, அரங்கின் தலைவர்களுக்கு அவருடைய நிலையைப் பற்றிக் கடிதம் எழுதினார். தம் நோயைப் பற்றி மழுப்பியவர், மனைவியின் நோயை மழுப்பவில்லை.

கடைசி வாரங்கள்

1904 ஜூனில் செகாவும் ஓல்காவும் ஜெர்மனியின் பாடன்வைலர் என்ற நலவாழ்வு நகருக்குச் சென்றனர். ஜூன் 13 அன்று தாய்க்கு எழுதிய கடிதத்தில், உடல் தேறிவருகிறது, இன்னும் ஒரு வாரத்தில் முழு நலம் பெற்றுவிடுவேன் என்ற பொருள்பட எழுதினார். ஜூன் 28 அன்று மாஷாவுக்கு எழுதிய கடிதத்தில் வெப்பம் தாளவில்லை, மூச்சு முட்டுகிறது, அசையாமல் இருப்பதே அதற்கு ஒரே மருந்து என்கிறார். அதே கடிதத்தில் கப்பலில் ஊர் திரும்பும் வழியைப் பற்றித் திட்டமிடுகிறார். ஜெர்மன் பெண்களின் ஆடை ரசனையைக் கேலி செய்கிறார். நான்கு நாட்களில், ஜூலை 2 அன்று, நம் நாட்காட்டிப்படி ஜூலை 15 அன்று, அவர் மறைந்தார்.

தாய்க்கு எழுதியது பொய்யா, நம்பிக்கையா? இரண்டும் கலந்திருக்கலாம். காசநோய் முற்றியவர்களிடம் நோயின் நிலைக்குப் பொருந்தாத நம்பிக்கை காணப்படுவதை அக்கால மருத்துவர்கள் அறிந்திருந்தனர். எப்படியாயினும் முதிய தாயிடம் அப்படி எழுதியதை நாம் குறைசொல்ல வேண்டியதில்லை. உண்மையை மாஷாவும் ஓல்காவும் மருத்துவரும் அறிந்திருந்தார்கள். சிலருக்குச் செய்தியைக் குறைத்துச் சொல்லலாம். முழுச் செய்தியையும் அறிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். கடைசி ஏழு ஆண்டுகளில் செகாவுக்கு அப்படிச் சிலர் இருந்தார்கள். முதல் பதின்மூன்று ஆண்டுகளில் ஒருவரும் இல்லை. அவர் தமக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றைய மௌனமும் இன்றைய மௌனமும்

1884-இலேயே செகாவ் தம் நோயை ஒப்புக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று நோயாளிகள் கேட்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. அந்நாளில் மருத்துவத்திடம் ஓய்வு, நல்லுணவு, இதமான தட்பவெப்பம் ஆகியவையே இருந்தன; கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே செகாவின் மௌனம் அவரிடமிருந்து உறுதியான குணத்தைப் பறித்தது என்று கூறமுடியாது.

இன்றைய மௌனம் அப்படியன்று. சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் நோயை விரைவில் காட்டிவிடுகின்றன. மருந்துக்குக் கட்டுப்படும் வகைக் காசநோய், வழக்கமாக 6 மாதச் சிகிச்சையில் பெரும்பாலோருக்குக் குணமாகிறது. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இன்று இருமலை மறைப்பவர் குணமாகும் வாய்ப்பையே தள்ளிப்போடுகிறார். உடன் வாழும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கிருமியைப் பரப்பவும் கூடும். காசநோய்க்கு மட்டும் இது பொருந்துவதன்று. மார்பில் தென்பட்ட கட்டி, மலத்தில் கண்ட இரத்தம், நடக்கையில் வரும் நெஞ்சுவலி ஆகிய எல்லாவற்றிலும் மௌனத்தின் விலை இன்று மிக அதிகம்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

1. முழுச் செய்தியும் அறிந்த ஒருவரைக் குடும்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மூத்தவராகவோ மிக நெருங்கியவராகவோ இருக்கவேண்டும் என்பதில்லை; கேட்டுக் கலங்கிப்போகாமல் செயல்படக்கூடியவராக இருந்தால் போதும். மருத்துவரைக் காண வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள்.

2. மருத்துவரிடம் செய்தியைச் சுருக்காதீர்கள். 'பரவாயில்லை' என்ற சொல்லைக்கொண்டு எங்களால் மருந்தை முடிவு செய்ய இயலாது. ஒரு குறிப்பேட்டில் தேதி, காய்ச்சல் அளவு, எடை, இருமலின் நேரம், விட்டுப்போன மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். இரத்தம் வந்திருந்தால் கோடாக வந்ததா, ஒரு தேக்கரண்டி அளவா, அரை டம்ளரா என்பதையும் குறியுங்கள்.

3. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை தேவை. இருமலில் இரத்தம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, உடனே வாருங்கள். இதற்கு முன் வந்து தானாக நின்றுவிட்டது என்பது காத்திருப்பதற்குக் காரணமாகாது.

4. குடும்பத்தார் பொதுவாகக் கேட்காமல் குறிப்பாகக் கேளுங்கள். "எப்படி இருக்கிறீர்கள் அப்பா?" என்ற கேள்விக்கு "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் விடை வரும். "நேற்றிரவு எத்தனை முறை எழுந்தீர்கள்? மாடிப்படி ஏறினீர்களா? இட்லி எத்தனை சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் செய்தி கிடைக்கும். பேச்சின் ஓரத்தில் விழும் சொற்களையும் கவனியுங்கள். மூச்சுமுட்டல் என்ற செய்தி ஆடையைப் பற்றிய கேலிக்கு நடுவேதான் வரும்.

5. நோயாளியிடமிருந்து நோயின் பெயரை மறைக்கும் குடும்பங்களும் உண்டு. மறைத்தால் அவர் மருந்தை ஏன் நிறுத்தக் கூடாது என்பதை அறியமாட்டார். எவ்வளவு சொல்லவேண்டும் என்பதை அவரிடமே கேட்டு அறிவது முறை. எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் எங்களிடம் கேளுங்கள். உடன் அமர்ந்து சொல்ல உதவுவோம்.

6. சற்றுத் தேறியதும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். காசநோயில் சில வாரங்களிலேயே காய்ச்சலும் இருமலும் குறையும். அப்போது மருந்தை விட்டால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்வோரும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

7. சொத்து, பொறுப்பு, விருப்பம் ஆகியவற்றைப் பற்றி மனம் தெளிவாக உள்ள நாளிலேயே எழுதிவையுங்கள். சட்டப்படி உரிய முறையில் செய்துகொள்ளுங்கள். அப்படி எழுதுவது சாவை அழைப்பதாகாது. செகாவ் தம் கடிதத்தை எழுதியபின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். அக்காலத்தில்தான் செர்ரித் தோட்டத்தைப் பற்றிய தம் கடைசி நாடகத்தை, ஒரு நாளைக்குச் சில வரிகளாக, எழுதி முடித்தார்.

8. நோயை மட்டுமே பேசவேண்டும் என்பதும் இல்லை. செடி பூத்ததையும் நாய் செய்த குறும்பையும் பேத்தி சொன்ன மழலையையும் பகிர்ந்துகொள்ளுங்கள். உண்மையைச் சொல்லிவிட்டுச் சிரிப்பது நோயாளிக்கும் கேட்பவருக்கும் தெம்பளிக்கும். உண்மைக்குப் பதிலாகச் சிரித்தால் மட்டும் கவலைப்பட வேண்டும்.

இப்போது யாரும் அஞ்சலில் கடிதம் எழுதுவதில்லை. ஆனால் நாள்தோறும் மாலையில் நடக்கும் தொலைபேசி உரையாடலும், வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு வரியும் கடிதங்கள்தாம். இந்த வாரம் அவற்றில் நீங்கள் யாரிடம் எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள். அவற்றுள் மருத்துவர் அறியவேண்டியது இருந்தால், அடுத்த முறை வரும்போது குறிப்பேட்டின் முதல் வரியாக அதை எழுதிக்கொண்டு வாருங்கள்.